ஏரிக்கு வாங்கிய பேய்

கொடுவேலம்பாக்கம் ஏரிக்கு ஒரு பேய் வாங்குவது என்று அரசு முடிவு செய்தபோது ஏரியில் பாதிதான் மிச்சம் இருந்தது. முதலில் கம்பிவேலி போட்டுப் பார்த்தார்கள்; கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போனது. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். அது ஒரு டிபன் கடைக்குக் கூரையானது. கண்காணிப்புக் கேமராவை யார் எடுத்துப்போனார்கள் என்பதைக் கேமரா மட்டுமே பார்த்திருந்தது. கடைசியில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. இந்தப் பகுதி மக்கள் சட்டத்துக்கும் அபராதத்துக்கும் பயப்படுவதில்லை, பேய்க்கு மட்டும் இன்னும் பயப்படுகிறார்கள் என்று அது சொன்னது.

பேய்க்குப் பஞ்சமில்லாத காலம். பல பிராணிகளின் உயிரணுக்களைக் கலந்து, கதைகளில் மட்டுமே இருந்த ஜந்துக்களை வளர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் அவை டிக்கெட் போட்டு உலவிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு நிறுவனத்திலிருந்து டாக்டர் மெர்வின் என்பவர் நீர்வளத் துறையின் கூட்டத்துக்கு வந்தார். ஏரிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசி மேசையின் கோடியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். தலைமை வகித்தவர் அவளுடைய மேலதிகாரி சௌந்தரபாண்டியன்.

"இது ஸ்காட்லாந்து ஐட்டம் சார். கெல்பி. தண்ணிக்குள்ள இருந்து வர்ற குதிரை. முதுகுல ஏறினவனை அப்படியே ஏரிக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்" என்றார் மெர்வின்.

"குதிரைன்னா மெரினா மாதிரி சவாரி விட ஆரம்பிச்சிருவாங்க. அடுத்தது?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"ருசால்கா. ரஷ்யா பக்கம். நீள முடி வச்ச பொண்ணு. அழகா பாடும். கிட்ட வர்ற ஆம்பளையைத் தண்ணியில முக்கிடும்."

"வேற வினையே வேண்டாம். ஊர்ல இருக்கிற ஆம்பளை மொத்தப் பேரும் ஏரிலதான் கிடப்பான்."

"அப்போ பன்யிப். ஆஸ்திரேலியா. எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"எப்படி இருக்கும்னு தெரியாததை எப்படிய்யா சரிபார்த்து வாங்கறது? ஆடிட்ல மாட்டிக்குவோம்."

வருவாய்த் துறைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஏன் சார், நம்ம ஊர்ல இல்லாத பேயா? ஒரு முனி செஞ்சு குடுங்களேன்."

"செய்யலாம் சார். ஆனா உள்ளூர்ப் பேய்னா, அது எந்த ஜாதிக்காரங்க கும்பிடறதுன்னு கேள்வி வரும்" என்றார் மெர்வின்.

வருவாய்த் துறைக்காரர் தன் கோப்பை மூடி வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஜப்பான் பேய் தேர்வானது. பெயர் கப்பா. நான்காம் வகுப்புப் பையன் உயரம், ஆமை ஓடு, தவளைக் கால், உச்சந்தலையில் ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர். வெள்ளரிக்காய் என்றால் உயிரை விடும். அரசு வாங்கும் பொருளுக்குக் கப்பம் என்று காதில் விழுகிற மாதிரி பெயர் இருப்பது நன்றாக இல்லை என்று ஒரு தமிழறிஞரைக் கேட்டு, 'காப்பான்' என்று மாற்றினார்கள். அன்று முழுக்க அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் உண்மையான சந்தோஷம் இருந்தது.

காப்பான் மூடிய லாரியில் வந்து இறங்கியது. தன் ஏரி எது என்பதை அது மண் வாசனையால் தெரிந்துகொள்ளும். அந்த மண்ணில் யாராவது குப்பை கொட்டினாலோ கல் நட்டாலோ, சத்தமில்லாமல் வந்து கணுக்காலைப் பிடிக்கும். கழுத்தளவு தண்ணீருக்கு இழுத்துப் போகும். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிடும். ஆளைக் கொல்லாது. ஆனால் அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் ஒரு வாரம் சோறு தின்னவில்லை என்று ஊரில் பேச்சு.

மங்கைக்கு அதன்மேல் முதலில் பயம்தான். தினமும் காலையில் மதகுப் பக்கம் போய் வெள்ளரிக்காயை வீசிவிட்டு ஓடிவந்துவிடுவாள். ஒரு நாள் வெயிலுக்கு முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு அதுவும் முழங்கையால் நெற்றியைத் துடைத்தது. இடுப்பில் கை வைத்தாள், அதுவும் வைத்தது. சிரித்துவிட்டாள். அதற்குச் சிரிக்க வராததால் வாயை மட்டும் திறந்து மூடியது. அதன் பிறகு அவள் வெள்ளரிக்காயைக் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தாள்.

குப்பை கொட்ட வந்துகொண்டிருந்த லாரிகள் வருவதை நிறுத்தின. நீர்க்கோழிகள் திரும்பி வந்தன. பத்திரிகைகளில் படம் வந்தது, படத்தில் காப்பானைவிட சௌந்தரபாண்டியன் பெரிதாக இருந்தார். கவுன்சிலர் தணிகைமலை மட்டும் வருத்தத்தில் இருந்தார். இடித்த கட்டடங்களின் குப்பையை ஏரியில் கொட்டி, அப்படிக் கிடைக்கும் தரையில் புதுக் கட்டடம் எழுப்புவது அவர் தொழில். "ஏரியைக் காப்பாத்தணும்தான். யாரு வேண்டாங்கறா? ஆனா வளர்ச்சின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று கேட்பவரிடமெல்லாம் சொன்னார்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊர் நனைந்து எங்கும் மண் வாசனை கிளம்பியது. காப்பான் கரையேறி நடக்க ஆரம்பித்தது.

முதலில் தணிகைமலையின் கல்யாண மண்டபம். சாப்பாட்டுப் பந்தியில் நுழைந்து, பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைக் காலைப் பிடித்து இழுத்துப்போய் ஏரியில் நிறுத்தியது. பிறகு தாலுகா அலுவலகம். தாசில்தாரை நாற்காலியோடு கொண்டுபோனது. பல ஆண்டுகளாக இடம் நகராத கோப்புகளும் அன்று கூடவே நகர்ந்தன என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்து ஒரு பொறியியல் கல்லூரியின் விளையாட்டு மைதானம்.

மூன்று இடங்களிலிருந்தும் புகார் வந்து மங்கை மூச்சு விடுமுன் அவளுடைய சொந்தக் குடியிருப்பிலிருந்தே போன் வந்தது. அல்லி ரெசிடென்சியின் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வரதராஜுலு.

"மேடம், உங்க டிபார்ட்மெண்ட் ஆளு ஒருத்தர் நம்ம கார் பார்க்கிங்ல உக்காந்திருக்கார். உங்க ஸ்கூட்டர் இடத்துலதான்."

போய்ப் பார்த்தாள். காப்பான் தரையில் குனியாமல் குந்தியிருந்தது. சிமெண்டின் விரிசலில் கசிந்து நின்ற தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முகர்ந்தது. அவளைப் பார்த்ததும் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக் காட்டியது. தூண்களுக்குப் பின்னால் குடித்தனக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவன் புகழேந்தியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான்.

மெர்வினுக்குப் போன் போட்டாள். "டாக்டர், அது எல்லையை மீறுது. ஊருக்குள்ள வந்துடுச்சு."

"மீறாது மேடம். அதுக்குள்ள நாங்க மேப் எதுவும் வைக்கல. மண்ணு வாசனைதான் வச்சிருக்கோம். அடியில ஏரி மண்ணு எங்கெல்லாம் இருக்கோ, அதெல்லாம் அதுக்கு ஏரிதான்."

"இது வீடு டாக்டர். நாலு மாடி."

"மேல என்ன இருக்குன்னு அது பாக்காது மேடம். நானும் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க குடுத்த மேப்புல ஏரி ரொம்பச் சின்னதா இருந்துச்சு."

மங்கை போனை வைத்துவிட்டு விரிசலைப் பார்த்தாள். ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தளத்தில் தண்ணீர் ஊறும். கட்டியவன் சிமெண்டில் கை வைத்துவிட்டான் என்று எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள். வீடு பார்க்க வந்த அன்று விற்பனைக்காரன் பால்கனிக்கு அழைத்துப்போய், "இங்க இருந்து பாத்தா ஏரி தெரியும் மேடம்" என்று கை காட்டியது நினைவுக்கு வந்தது. அவள் ஏரிகளுக்கான பொறியாளர். வெளியே கை காட்டிய பக்கத்தைப் பார்த்தவள், நின்ற இடத்தை ஏன் கேட்கவில்லை என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்துதான் இருந்தது. வீடு பிடித்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில் தணிகைமலையின் கார் வந்து நின்றது. நகராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் எங்கே யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அவர் வந்துவிடுவார். கதவைத் திறந்து இறங்கியதுமே கையைக் கூப்பி, இடுப்பு வரைக்கும் வளைந்து, வரதராஜுலுவைக் கும்பிட்டார். பெண்களைக் கும்பிட்டார். வாட்ச்மேனைக் கும்பிட்டார். அதே வேகத்தில் திரும்பி, யார் என்று பார்க்காமலே காப்பானையும் கும்பிட்டார்.

காப்பான் எழுந்தது. இரண்டு கைகளையும் சேர்த்தது. இடுப்பு வரைக்கும் வளைந்து பதிலுக்கு வணங்கியது. தலைக்குழியில் இருந்த தண்ணீர் மொத்தமும் தரையில் கொட்டியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

தணிகைமலை கூப்பிய கையைப் பிரிக்காமல் யோசித்தார். அரசியலில் அவர் கும்பிட்டே கவிழ்த்தவர்கள் பல பேர். ஆனால் இவ்வளவு சீக்கிரம் யாரும் கவிழ்ந்ததில்லை.

மங்கை வாட்ச்மேனின் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து குழியில் தண்ணீர் ஊற்றினாள். கண் திறந்தது. அதை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடியும் மெர்வினைக் கூப்பிட்டாள்.

"ஆமா மேடம்" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக. "தரையில இருக்கும்போது அந்தத் தண்ணிலதான் அதுக்கு மூச்சு. கதையிலயும் அப்படித்தான். பயங்கர மரியாதை தெரிஞ்ச பிராணி. வணங்கினா வணங்காம இருக்காது. ஜனங்க அப்படித்தான் அதைக் கவுத்துட்டுத் தப்பிப்பாங்க."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"டெண்டர்ல நீங்கதானே மேடம் அவசர நிறுத்த வசதி வேணும்னு கேட்டிருந்தீங்க? எப்ப வேணும்னாலும் உடனே நிறுத்த முடியணும்னு. அதுக்கு இதைவிட நல்ல சுவிட்ச் ஏது?"

"அடிக்கடி கொட்டினா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "குழியில இருக்கிற தோல் காஞ்சுடும். காஞ்சா, அப்புறம் தண்ணி ஊத்தினாலும் எழுந்திரிக்காது."

ஒரே வாரத்தில் சுவிட்ச் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. லாரிகள் திரும்பி வந்தன. டிரைவர்கள் இறங்கியதும் பயபக்தியோடு கும்பிட்டார்கள். காப்பான் பதிலுக்குக் கும்பிட்டு விழுந்தது. குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் விளையாட்டுக்குக் கும்பிட்டார்கள். மங்கை வாளியும் கையுமாகக் கரையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அதுவரை அவ்வளவு மரியாதையை யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஊர் முழுக்க பேனர் வந்தது. 'ஏரி காத்த எங்கள் காப்பானுக்கு நன்றி அறிவிப்பு விழா.' ஏரிக் கரையில் மேடை. அழைப்பது: தணிகைமலை. பொதுமக்கள் வரிசையில் வந்து காப்பானுக்கு வணக்கம் செலுத்துவார்கள் என்று கீழே போட்டிருந்தது.

மங்கை சௌந்தரபாண்டியனிடம் ஓடினாள். "சார், இது கொலை சார். வரிசையா கும்பிட்டா அது செத்துடும்."

"நன்றி சொல்றதை எப்படிம்மா தடுக்க முடியும்?" என்றார் அவர். "அதுவும் தேர்தல் நேரத்துல. நீதான் பொறுப்பு அதிகாரி, முதல் மரியாதை நீதான் செய்யணும்னு கேட்டிருக்காங்க. நல்ல புடவையா கட்டிட்டுப் போ."

வீட்டில் புகழேந்தி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உன் மேல எனக்குக் கோவம் இல்ல மங்கை. ஆனா யோசிச்சுப் பாரு. அது இருக்கிற வரைக்கும் கீழ வந்து உக்காரும். ஒவ்வொரு தடவையும் ஊருக்கே சொல்லும், இது ஏரின்னு. யாரு இந்த வீட்டை வாங்குவா? நாமளும் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவோம். எல்லாரும்தானே போடறாங்க."

அவன் சொன்னது தப்பு என்று அவளுக்கு உடனே தோன்றாததுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

விழா நாள் காலையில் நாதஸ்வரம், மாலை, பொன்னாடை எல்லாம் வந்திருந்தன. மேடையின் பின்பக்கம் ஏரி. காப்பான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஓட்டின் மேல் சால்வை. தலைக்குழியின் ஓரங்கள் ஏற்கெனவே வெளுத்து, உதிர்கிற சுண்ணாம்பு மாதிரி இருந்தன. வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. அல்லி ரெசிடென்சியிலிருந்து எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தன. வரதராஜுலு வேட்டி கட்டியிருந்தார்.

"பொறியாளர் அம்மா மங்கையர்க்கரசி அவர்கள் முதல் வணக்கம் செலுத்துவார்கள்" என்று மைக்கில் சொன்னார் தணிகைமலை.

மங்கை போய் எதிரில் நின்றாள். காப்பான் அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. அவள் கைகள் தாமாகவே மேலே வந்து சேர்ந்தன. பால்கனி, சமையலறை ஜன்னல், இன்னும் முடியாத வங்கிக் கடன் எல்லாம் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்தன. காப்பானும் கைகளைச் சேர்த்தது. சேர்த்துவிட்டு அவள் தலை குனியட்டும் என்று காத்திருந்தது. அதன் கண்ணில் பயம் இல்லை, சந்தேகம் இல்லை. அவள் என்ன செய்தாலும் அதையே செய்யத் தயாராக இருந்தது.

அவளால் குனிய முடியவில்லை.

"மேடம், சீக்கிரம். பின்னால ஜனங்க நிக்கிறாங்க" என்றார் தணிகைமலை, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. பின்னால் நின்ற வரிசை பொறுமை இழந்து மொத்தமாக வளைய ஆரம்பித்தது. காப்பானின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. இடுப்பு மெல்ல மடங்கியது.

மங்கை நாற்காலியின் காலில் ஓங்கி ஓர் உதை விட்டாள். விழா நாயகன் மாலையோடும் பொன்னாடையோடும் நாற்காலியோடும் மேடையின் பின்பக்கமாக ஏரிக்குள் விழுந்தது. ஒரு நிமிடம் குமிழி வந்தது. பிறகு தலை மட்டும் மேலே தெரிந்தது. தண்ணீருக்குள் நின்றபடியே அது கரையில் வளைந்து நின்ற அத்தனை பேருக்கும் பதில் வணக்கம் போட்டது. தண்ணீர் தண்ணீரில்தான் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை. ஆழத்துக்குப் போய்விட்டது.

"மரியாதை தெரியாத பொம்பள!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பலர் ஆமோதித்தார்கள்.

மறுநாள் அவளுக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, பொது விழாவில் அரசுச் சொத்தைக் காலால் உதைத்ததற்கு விளக்கம் கேட்டு. இன்னொன்றைச் சௌந்தரபாண்டியனே நேரில் கொடுத்தார். காப்பான் ஓர் ஆக்கிரமிப்பாளர் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கல்யாண மண்டபம், தாலுகா அலுவலகம், கல்லூரி, குடியிருப்பு என்று பட்டா நிலங்களில் அத்துமீறிப் புழங்குவதால், அதற்குச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, கெடு முடிந்ததும் நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

"நோட்டீஸை அது படிக்காதே சார்."

"படிக்க வேண்டாம்மா. அது எங்கெல்லாம் வந்து உக்காந்துச்சோ அங்கெல்லாம் ஒட்டிடு, போதும். ஏரி நிலத்துல ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் குடுக்கற வேலை உன்னோடதுதானே? ஃபாரம் கட்டு இதோ. நான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். பேரை மட்டும் எழுதிக்க."

மங்கை கட்டை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆக்கிரமிப்பாளர் பெயர் என்ற இடத்தில் எழுத ஆரம்பித்தாள். உரிமையாளர், தணிகை மகால். தாசில்தார், தாலுகா அலுவலகம். தாளாளர், பொறியியல் கல்லூரி. எழுதிக்கொண்டே வந்தவள் அல்லி ரெசிடென்சிக்கு வந்ததும் நின்றாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, முதல் மாடி வலதுபக்க வீட்டுக்குத் தன் பெயரையும் புகழேந்தியின் பெயரையும் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

இவை எதுவும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். தடை உத்தரவு வரும். அவளுக்கு மாற்றல் வரும், அனேகமாக ஏரியே இல்லாத ஏதாவது ஊருக்கு. ஆனால் கையெழுத்துப் போட்டவர் சௌந்தரபாண்டியன். அதை இல்லை என்று சொல்ல அவருக்குச் சில மாதங்களாவது பிடிக்கும். அதுவரைக்கும் காப்பானை யாரும் தொட முடியாது. அந்தக் கட்டில் ஒரு தாளிலும் அதன் பெயர் இல்லை.

சனிக்கிழமை காலையில் மைதாப் பசை காய்ச்சி ஒரு பழைய டப்பாவில் எடுத்துக்கொண்டாள். புகழேந்தி வாசலில் வந்து நின்றான். அவள் தங்கள் கதவில் பசை தடவித் தாளை ஒட்டுவதைப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. படித்ததும் புரிந்தது.

"நம்ம வீட்டுக்கேவா?"

"நம்ம வீடுதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச வீடு" என்றாள் மங்கை. தாளின் நடுவை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். "சாயந்திரம் பேசுவோங்க. கத்தணும்னா அப்பக் கத்துங்க."

அவன் கத்தவில்லை. ஒட்டிய தாளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவன் உள்ளே போய்விட்டான்.

அதற்குள் விஷயம் மாடிப்படிகளில் பரவிவிட்டது. வரதராஜுலு முன்னால் வர, குடித்தனக்காரர்கள் நடைபாதையில் வரிசையாக வந்து நின்றார்கள். சிலர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அவள் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள். அவர்கள் அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்திருக்கிறார்கள்.

"மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறோம்" என்றார் வரதராஜுலு. கையைக் கூப்பி, இடுப்பு வரைக்கும் வளைந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வளைந்தார்கள்.

மங்கையின் கழுத்து தானாகவே முன்னால் சாயப் பார்த்தது. சின்ன வயதிலிருந்து பழகிய கழுத்து. அது அவளைக் கேட்டுக்கொண்டு சாய்வதில்லை. பல்லைக் கடித்து நிமிர்த்திப் பிடித்தாள். வளைந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, பதில் வணக்கத்துக்காக அவளைப் பார்த்தன.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"கையெல்லாம் பசையா இருக்கு சார்" என்றாள். "உங்க கதவு எது?"